டிகாஷனில் ஊற்றுவது பால்தானா?
வாசகர் கேள்வி - பதில்

பால் பவுடர், காபி கிரீமர், பால் கலக்காத மாற்றுகள் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*என் கணவருக்குப் பால் அலர்ஜி. 'நான்-டெய்ரி' என்று கொட்டை எழுத்தில் போட்ட கிரீமர் பாட்டில் வாங்கினேன். இரண்டாவது வாய் காபியிலேயே உதடு தடித்து, நாக்கு நமைச்சல் எடுத்துவிட்டது. பால் இல்லாத பொருளில் எப்படி இது நடக்கும்?*
– வாசகி, அல்சூர்

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 'சோடியம் கேசினேட்' என்ற பெயர் இருக்கும். பாலைத் திரித்தால் கட்டியாகச் சேரும் புரதம்தான் கேசின். அதைக் காரத்தில் கரைத்து உலர்த்தினால் சோடியம் கேசினேட். பால் கொழுப்பும் பால் சர்க்கரையும் இல்லாததால் 'நான்-டெய்ரி' என்று சொல்லும் வழக்கம் வெளிநாட்டில் தொடங்கி, அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. பாலை வயிறு செரிக்காதவருக்கு இந்த வேறுபாடு போதும். பால் அலர்ஜிக்காரருக்கோ புரதம்தான் எதிரி, அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சாதாரணப் பவுடர் கிரீமரில் பாதிக்கு மேல் குளுக்கோஸ் சிரப்பை உலர்த்திய பவுடர். மூன்றில் ஒரு பங்கை ஒட்டி எண்ணெய்: தேங்காய் எண்ணெய், பாமாயில், அல்லது பனங்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து போகாமல் பிடித்து வைக்க இரண்டு மூன்று விழுக்காடு கேசினேட்டும், 'ஐ.என்.எஸ். 471' என்று போட்டிருக்கும் மோனோ, டை கிளிசரைடும் (ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருளுக்கான சர்வதேச எண்). டிகாஷனின் புளிப்பைத் தாங்க 'ஐ.என்.எஸ். 340(ii)', அதாவது டைபொட்டாசியம் பாஸ்பேட். கட்டி தட்டாமலிருக்க 'ஐ.என்.எஸ். 551', சிலிகான் டை ஆக்சைடு. எடையில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும் என்பது சட்டம். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே டப்பாவுக்குள் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பால், நெய், வெண்ணெய் எல்லாம் நம் சட்டப்படி சைவம்தான். பால் கலப்பே இல்லை என்பதற்குத் தனி முத்திரை உண்டு: பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் அதன் மேல் ஒரு சிறு செடியும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-ல் கொண்டுவந்த வீகன் (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவு) விதிகளில் அது இருக்கிறது. அதுவும் போதாது. பொருள் பட்டியலுக்குக் கீழே அலர்ஜி எச்சரிக்கை வரி இருக்கும். அங்கே 'மில்க்' என்ற சொல் கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். 'வே' (பால் திரியும்போது பிரியும் நீர்), 'கேசின்', 'மில்க் சாலிட்ஸ்' எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். 'மே கன்டெய்ன்' என்றிருந்தால், அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்று பொருள்.

உதடு தடித்தது சின்ன விஷயம் இல்லை, அம்மா. அடுத்த முறை மூச்சுக்குழலில் வீக்கம் வரலாம். வேறு பிராண்டைக் கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். அலர்ஜி மருத்துவரைப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

*காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் காபி. அரை மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடா என்கிறது. பால் சர்க்கரை செரிக்கவில்லை என்றார் டாக்டர். பாலுக்குப் பதில் பவுடருக்கு மாறட்டுமா?*
– வாசகர், மல்லேஸ்வரம்

எந்தப் பவுடர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கடைகளில் 'டெய்ரி ஒயிட்னர்' என்று விற்பது பாலை உலர்த்திச் சர்க்கரை சேர்த்தது. தண்ணீர் போய்விட்டதால் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இன்னும் அடர்த்தி. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி எடை லாக்டோஸ்தான். முழுப்பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே ஒயிட்னருக்கு மாறுவது சுடுகிற சட்டியிலிருந்து அடுப்பில் விழுவதுதான். மேலே சொன்ன கேசினேட் கிரீமரில் லாக்டோஸ் பெயருக்குத்தான் இருக்கும். உங்கள் வயிறு அதைத் தாங்கும். ஆனால் அது சர்க்கரையும் எண்ணெயும்தான், பாலின் சத்து எதுவும் வராது.

அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். பசும்பால் 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் செரிக்காத பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். உங்கள் டம்ளர் 250 மில்லி, அதில் 200 பால் என்றால் 10 கிராம். வெறும் வயிற்றில் அது அதிகம். தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் டிபன் கடை) ஒரு காபியை இருவருக்குப் பங்கிட்டு பை-டூ வாங்கினால் வருமே, அந்த அளவு டம்ளருக்கு மாறி, இட்லிக்குப் பிறகு குடித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை அதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லையா, லாக்டோஸ் இல்லாத பால் வாங்குங்கள். அது பாலேதான், லாக்டேஸ் என்ற நொதியைப் போட்டு லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக உடைத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் தித்திக்கும். சர்க்கரையை அரை ஸ்பூன் குறைத்துப் போடுங்கள். காபியில் திரியாது, நுரையும் நன்றாக வரும். முந்தைய கேள்வியில் வந்த பால் அலர்ஜிக்காரர் மட்டும் இதைத் தொடக்கூடாது, புரதம் முழுசாக இருக்கிறது.

*ஆபீஸ் மிஷின் காபியில் பால் இருக்கிறதா, இல்லையா?*
– வாசகி, ஒயிட்ஃபீல்ட்

மிஷின் பக்கத்தில் பால் பாக்கெட் வைக்கும் சிறு ஃப்ரிட்ஜ் இருந்தால், வருவது நிஜப் பால். இல்லையென்றால் பிரீமிக்ஸ். அதில் பெரும்பாலும் சர்க்கரையே முதல் இடம். பிறகு பால் பவுடர் அல்லது கிரீமர், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்து எடுத்த பொடி), கடைசியில் இன்ஸ்டன்ட் காபி, சிக்கரி. ஹவுஸ்கீப்பிங் பையனிடம் காலி பையை ஒரு தடவை வாங்கிப் படித்துவிடுங்கள், நாலு வரிதான். ஒன்றை மறக்க வேண்டாம்: பல மிஷின்களில் 'பிளாக் காபி' பொத்தானும் அதே கலக்கும் கிண்ணம், அதே குழாய் வழியாகத்தான் வருகிறது. வயிற்றுப் பொருமல்காரருக்கு அந்த மிச்சம் ஒன்றும் செய்யாது. அலர்ஜிக்காரர் தொடவே வேண்டாம்.

*சோயா பால் ஊற்றினால் டிகாஷனில் குறுநொய் மாதிரி திரிகிறது. பாதாம் பாலும் அப்படியே. புது பாக்கெட், தேதி தாண்டவில்லை. எங்கள் ஃபில்டரில் கோளாறா?*
– வாசகி, ஜெயநகர்

பாலும் கெடவில்லை, ஃபில்டரிலும் கோளாறில்லை. மேலே வெள்ளைப் பொட்டாக மிதந்து, கலக்கினால் கீழே போய், மறுபடி மேலே வருகிறதல்லவா? அது புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. புளிப்பை அளக்கும் கணக்கு பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சோயா புரதம் பி.எச். 4.5 அருகில் முற்றிலும் திரண்டுவிடும். காபியின் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். அதாவது விளிம்பில் நிற்கிறது. சூடும் கால்சியமும் சேர்ந்தால் விளிம்பைத் தாண்டிவிடும். பசும்பாலின் கேசினும் 4.6-ல்தான் திரளும், ஆனால் பாலிலேயே புளிப்பைத் தாங்கும் உப்புகள் இருப்பதால் பி.எச். எளிதில் இறங்காது. பாக்கெட் சோயாவிலும் பாதாமிலும் கால்சியம் சேர்த்து விற்கிறார்கள். டோஃபு உறைய வைப்பதும் கால்சியம் உப்பைப் போட்டுத்தானே?

முதலில் டிகாஷனைக் கவனியுங்கள். இறக்கிய அரை மணிக்குள் பயன்படுத்துங்கள். காலை ஆறு மணிக்கு இறக்கி, பத்து மணிக்குச் சுட வைத்த டிகாஷனில் புளிப்பு ஏறியிருக்கும். அதில் எந்தத் தாவரப் பாலும் நிற்காது. இளம் வறுவல் சிக்மகளூர் அராபிகா தூள் என்றால் புளிப்பு தூக்கல். ரொபஸ்டா கலந்த, நன்றாக வறுத்த தூளுக்கு மாறினாலே பாதி வழக்கு முடிந்துவிடும். தூள் கடையில் 'டார்க் ரோஸ்ட்' என்று கேளுங்கள். சிக்கரி உங்கள் விருப்பம். சட்டப்படி அது 49 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

அடுத்து சூடும் வரிசையும். தாவரப் பாலைக் கொதிக்க விடாதீர்கள். ஆவி எழத் தொடங்கும்போதே இறக்குங்கள், 60 - 65 டிகிரி இருக்கும். டிகாஷனும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். பிறகு பாலில் டிகாஷனை விடுங்கள், டிகாஷனில் பாலை அல்ல. நம் கை பழகியது இதற்கு நேர்மாறு என்பது தெரியும். டம்ளரில் டிகாஷன் இருக்க, அதில் முதல் சொட்டுப் பால் விழும்போது அந்தச் சொட்டைச் சுற்றி முழுப் புளிப்பும் சூழ்ந்துகொள்கிறது, அங்கேயே திரிந்துவிடும். பாலில் டிகாஷனை நூலாக விட்டுக் கலக்கினால் புளிப்பு மெல்ல மெல்லத்தான் ஏறும்.

அப்படியும் திரிந்தால், 200 மில்லி பாலுக்கு இரு விரல் நுனியில் எடுக்கும் சமையல் சோடா சிட்டிகையில் பாதி. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை, நிறமும் மங்கிப்போகும். கிரீமர் கம்பெனிக்காரர் செய்வதும் இதே வேலைதான், அவர்கள் சோடாவுக்குப் பதில் பாஸ்பேட் போடுகிறார்கள். காபிக்கென்றே தயாரித்து 'பாரிஸ்டா' என்று போட்ட தாவரப் பால் பாக்கெட் கொஞ்சம் விலை கூட விற்பதற்கும் காரணம் அதுவும், கூடுதலாகச் சேர்த்த எண்ணெயும்தான்.

புது பிராண்ட் வாங்கினால் ஒரு டம்ளரை வீணாக்க வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் சூடான பால், ஒரு ஸ்பூன் டிகாஷன். ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே நின்றால் டம்ளரிலும் நிற்கும்.

சோயாவை வீட்டில் அரைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்வெல், டேங்கர் தண்ணீரில் கால்சியம் அதிகம், ஆர்.ஓ. தண்ணீரில் அரையுங்கள். 100 கிராம் சோயாவை எட்டு மணி நேரம் ஊற வைத்து, தோல் உரித்து, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் சோயாவில் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பச்சைப் பயறு வாடையைக் கிளப்பிவிடும். வடிகட்டியபின் சிறு தீயில் 20 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும், செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருக்கிறது. முதலில் நுரை பொங்கி வருவது கொதி இல்லை. அதை நம்பி அடுப்பை அணைக்காதீர்கள். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 100 டிகிரிக்குக் காத்திருக்க வேண்டாம். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் 97-லேயே கொதித்துவிடும்.

*ஓட்ஸ் பால் வீட்டில் செய்தேன். காபியில் ஊற்றிச் சுட வைத்ததும் கஞ்சி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. கடையில் வாங்குவது மட்டும் எப்படித் தண்ணியாக இருக்கிறது?*
– வாசகர், பானஸ்வாடி

ஓட்ஸில் மாவுச்சத்து நிறைய; சூட்டில் அது கஞ்சியாகாமல் வேறென்ன ஆகும்? கம்பெனிகள் அமிலேஸ் நொதியைப் போட்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். அதனால்தான் சர்க்கரை சேர்க்காத பாக்கெட்டும் தித்திக்கிறது.

ராகி ஊரில் இருந்துகொண்டு அந்த நொதிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். முளை கட்டிய கேழ்வரகில் அமிலேஸ் தாராளம். குழந்தைக்குக் கொடுக்கும் கெட்டிக் கூழில் ஒரு ஸ்பூன் முளைமாவைக் கலந்தால் அது நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே வித்தை.

50 கிராம் ஓட்ஸை 500 மில்லி தண்ணீரில் அரைத்து வடிகட்டி, கிளறிக்கொண்டே கஞ்சியாகும் வரை காய்ச்சுங்கள். இறக்கி 65 டிகிரிக்கு ஆற விடுங்கள்.  ஒரு டீஸ்பூன் முளை ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கலக்கி, மூடி, துணி சுற்றி வையுங்கள். பத்தே நிமிடத்தில் கரண்டியிலிருந்து நூலாக இழுத்தது சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கும். அரை மணிக்குப் பின் ஒரு கொதி விட்டு (நொதி நிற்க வேண்டுமே), மறுபடி வடிகட்டுங்கள். நிறம் லேசாக மங்கும், காபியில் தெரியாது.

ராகியை முளை கட்டி வெயிலில் காய வைத்து நீங்களே திரித்தால்தான் இது நடக்கும். கடை 'ராகி மால்ட்' வறுத்தது, அதில் நொதி செத்துப் போயிருக்கும். ஊற்றும்போது கஞ்சி 80 டிகிரியில் இருந்தாலும் அதே கதிதான்.

இந்த வேலைக்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் ஐஸ் தண்ணீரில் 30 விநாடி மட்டும் அரைத்து, பிழியாமல் வடிகட்டி, பாலைச் சுட வைக்காமல் சூடான டிகாஷனில் ஊற்றிக் குடிக்கலாம். காபி ஆறிப்போய்த்தான் இருக்கும்.

*பாலே இல்லாத கிரீமர் வீட்டில் செய்ய முடியுமா? தேங்காய்ப் பால் ஊற்றினால் எண்ணெய் மிதக்கிறது.*
– வாசகி, ஆஸ்டின் டவுன்

தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம், அதைப் பிடித்து வைக்கும் புரதம் கம்மி. 80 டிகிரி தாண்டினால் இருக்கிற கொஞ்சமும் விட்டுவிடும். சொதியில் தேங்காய்ப் பால் ஊற்றியதும் அடுப்பை அணைக்கிறோமே, அதே காரணம். கூட்டாளியாக முந்திரியைச் சேர்த்தால் நிற்கும், ஏனென்றால் முந்திரியில் புரதமும் உண்டு, மாவுச்சத்தும் உண்டு.

50 கிராம் முந்திரி, ஏறக்குறைய 35 பருப்பு. உடைந்த முந்திரி போதும், முழுசு எதற்கு? வெந்நீரில் அரை மணி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதலில் 100 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு வெண்ணெயாக அரையுங்கள். எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்பு பிளேடுக்குச் சிக்காமல் ஓடும், நாக்கில் மணல் மணலாகத் தட்டும். பிறகு 150 மில்லி தண்ணீர், திக்கான முதல் தேங்காய்ப் பால் 50 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, முன்பு சொன்ன அளவில் சமையல் சோடா. இன்னொரு சுற்று ஓட்டி, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அப்போது இறக்கிவிடுங்கள். கொதி வரக் கூடாது.

ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். டிகாஷன் 40 மில்லி, வெந்நீர் 60 மில்லி, கிரீமர் 30 மில்லி. இந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதி டம்ளர் தண்ணீர் போவதால் டிகாஷன் கள்ளிச்சொட்டாக இருக்கட்டும்: 30 கிராம் தூளுக்கு 120 மில்லி தண்ணீர். கிரீமரைக் காய்ச்சும்போதே வெல்லம் போடும் எண்ணம் வேண்டாம், வெல்லத்தின் புளிப்பும் உப்பும் திரித்துவிடும். டம்ளரில் கடைசியாகக் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது முந்திரி அலர்ஜி இருந்தால் இந்தச் செய்முறையே வேண்டாம்.

*கிரீமர் பவுடரை நெருப்பில் தூவினால் 'குப்'பென்று பற்றும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. பெட்ரோலியப் பொருளா?*
– வாசகர், சிவாஜி நகர்

இல்லை. சர்க்கரையும் எண்ணெயும் நுண்ணிய தூளாகக் காற்றில் பரவினால் எரியத்தான் செய்யும். கோதுமை மாவும் எரியும், மாவு மில்களில் தீப்பிடிப்பதும் இப்படித்தான். வீடியோ நிஜம், அதற்குப் போட்ட விளக்கம்தான் புருடா. பர்னருக்கு மேல் டப்பாவைத் தட்டாதீர்கள். 'சிலிகான் டை ஆக்சைடு என்றால் மணலாமே' என்று கேட்ட பானஸ்வாடி வாசகருக்கும் இங்கேயே பதில்: வேதிப்பெயர் ஒன்றுதான், பல்லில் கடிபடும் மணல் இல்லை. தூள் ஈரம் குடித்துக் கட்டியாகாமல் தடுக்கச் சேர்க்கும் மிக மெல்லிய பொடி அது.

*அப்பாவுக்குச் சர்க்கரை நோய், கிரியாட்டினினும் ஏறியிருக்கிறது. 'நோ ஆடட் சுகர்' கிரீமர் கொடுக்கலாமா? ஒரு நாளைக்கு மூன்று காபி.*
– வாசகி, விவேக் நகர்

அட்டையின் முன்பக்கம் இருக்கட்டும். பின்னால் குளுக்கோஸ் சிரப்போ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால், அவை 'ஷுகர்' வரியில் முழுதாகக் காட்டாமல் 'கார்போஹைட்ரேட்' வரியில் உட்கார்ந்திருக்கும். அந்த வரியைத்தான் படிக்க வேண்டும். குவித்த இரண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம் கிரீமரில் 6 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. மூன்று காபிக்கு 18 கிராம், நாலு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். அதே டம்ளரில் 80 மில்லி நிஜப் பால் ஊற்றினால் 4 கிராம் லாக்டோஸ், அது ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். கிரீமரைவிடப் பாலே மேல்.

கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று பொருள்; பாஸ்பரஸும் பொட்டாசியமும் ரத்தத்தில் தேங்கலாம். அதுதான் இங்கே பெரிய விஷயம். பாலில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் பாதியை ஒட்டித்தான் உடலில் சேரும். பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே சேர்ந்துவிடும். 340(ii) என்றால் கூடவே பொட்டாசியமும். கிரீமர் டப்பாவையும் பாரிஸ்டா ஓட்ஸ் பாக்கெட்டையும் அப்பாவின் சிறுநீரக மருத்துவரிடமோ டயட்டீஷியனிடமோ காட்டிக் கேளுங்கள். நாளைக்கு எவ்வளவு பால் என்பதையும் அவரே சொல்லட்டும்.

'ஹைட்ரஜனேட்டட்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: 2022 ஜனவரியிலிருந்து உணவுப் பொருளில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு (ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு) 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். டிரான்ஸ் குறைந்தாலும் நிறை கொழுப்பு ('சாச்சுரேட்டட் ஃபேட்') குறையவில்லை. இதய நோய்க்காரர் பார்க்க வேண்டியது அந்த வரியை.

*அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' கேட்கிறான். இங்கே கிடைக்குமா?*
– வாசகி, ஃப்ரேஸர் டவுன்

தேடி அலைய வேண்டாம். பாலும் கிரீமும் பாதிக்குப் பாதி கலந்ததுதான் அது. அங்கே அதற்கு 10.5 முதல் 18 விழுக்காடு வரை கொழுப்பு என்று கணக்கு. இங்கே டெட்ரா பாக்கெட்டில் வரும் 25 விழுக்காடு ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி, காய்ச்சி ஆற வைத்த நீலப் பாக்கெட் நந்தினி 100 மில்லி (டோன்டு பால், 3 விழுக்காடு). கலந்தால் 14 வருகிறது. இரண்டும் குளிர்ந்திருக்கும்போது கலக்குங்கள். சூட்டில் அடித்தால் வெண்ணெய் திரண்டு மேலே பொட்டுப் பொட்டாக நிற்கும். ஃப்ரிட்ஜில் மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.